சாலிஹ் நானாவும் நாலு நாள் பெருநாளும்

சாலிஹ் நானாவிடம் இரண்டு கத்திகள் உண்டு. இது ஊருக்கே தெரியும். ஆனால் அவற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் யார் யார் என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும். மனைவி ஜுனைதா பார்த்திருக்கிறாள். அவளுக்கும் தொட அனுமதியில்லை. பலாபத்வலைச் சந்தியிலிருந்து ஒரு மைல் உள்ளே, பள்ளிவாசலுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிறது அவருடைய வீடு. அங்கே படுக்கையறை அலுமாரிக்கு மேலே, பழைய சாரத் துணியில் சுற்றியபடி, அவை வருடம் முழுக்கத் தூங்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள்தான் கீழே இறங்கும்.

மற்ற நாட்களில் அவர் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். வயது ஐம்பத்து நாலு. காலையில் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாத்தளை டவுனுக்குப் போவார். வளைவுகளில் அவர் எடுக்கிற வேகத்தைப் பார்த்து, பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்தே களைத்துப் போவான். 'ஸ்லோ சாலிஹ்' என்று பட்டப்பெயர் வேறு. அதற்கெல்லாம் அவர் கோபப்பட்டதில்லை. "உள்ளுக்கு இருக்கிறது தேங்கா மூட்டை இல்லியே" என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில்தான் போவார்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் மட்டும் அவர் வேறு ஆள். ஊரில் குர்பான் கொடுக்கிற மாடுகளை அறுப்பது அவர்தான். அவருக்கு முன்னால் அவருடைய வாப்பா. கூலி கிடையாது, பதவி கிடையாது. ஆனால் பெருநாள் தொழுகை முடிந்ததும் பள்ளி வளவில் எல்லாரும் அவருக்கு வழி விட்டு ஒதுங்குவார்கள் பாருங்கள், அந்த ஒரு மரியாதைக்காகத்தான் மனுஷன் வருடம் பூராவும் காத்திருப்பார். இல்லை என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள்.

முதன்முதலாக அவர் அறுத்தது இருபத்திரண்டாவது வயதில். வாப்பாவுக்கு அந்த வருடம் வாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. தொழுகை முடிந்து ஊரே காத்துக்கொண்டிருக்க, மகன் வீட்டுக்கு ஓடி, குசினியில் கிடந்த கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் நாள் உம்மா அதே கத்தியால் பலாக்காய் அரிந்திருக்கிறார். வாயெல்லாம் பால் பிடித்துப் போய்க் கிடந்ததை அவர் பார்க்கவில்லை. ஒரே இழுப்பில் முடிய வேண்டியது மூன்று இழுப்பாகிவிட்டது. அந்த மாடு அவரையே பார்த்தது. பள்ளிக் கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தார். மூன்று நாள் இறைச்சி தொடவில்லை. இனிமேல் தன் கையால் எந்த உசிரும் இரண்டாவது இழுப்பு வாங்கக் கூடாது என்று அன்றைக்கு எடுத்த முடிவு, முப்பத்திரண்டு வருடமாக இன்னும் கலையவில்லை.

அதற்காக அவர் செய்து வைத்திருந்த ஏற்பாடுகளைப் பார்த்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். கத்தி தீட்டுவது வீட்டுக்குள்ளே, கதவைப் பூட்டிக்கொண்டு. மாட்டின் பக்கத்தில் போகும்போது கத்தி துவாய்க்குள். மாட்டின் கண்ணுக்கு முன்னால் கத்தியைக் காட்டக் கூடாது, ஒன்றை அறுப்பதை மற்றது பார்க்கக் கூடாது என்று மார்க்கத்தில் சொல்லியிருப்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜும்ஆவில் கேட்டுவிட்டுத் தலையாட்டுவோம், வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மறந்துவிடுவோம். அவர் மறக்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவி, காதைத் தடவி, அது பெருமூச்சு விட்டு உடம்பைத் தளர விடுகிற வரைக்கும் நின்று, அதற்குப் பிறகுதான் பிஸ்மில்லாஹ். ஒரு மாட்டுக்கு இருபது நிமிடமாவது போகும்.

அந்தக் காலத்தில் ஊரில் ஆறு மாடு, மிஞ்சினால் எட்டு. எப்படியோ சமாளித்தார். பிறகு பிள்ளைகள் கட்டாருக்கும் சவூதிக்கும் போனார்கள், வீடுகள் மாடியாயின, குர்பானும் கூடியது. நல்ல விஷயம்தான், யார் குறை சொன்னது? ஆனால் மாடு பத்தாகி, பதினைந்தாகி, போன வருடம் இருபதைத் தாண்டியபோதும் நேரம் மட்டும் அதேதான். தொழுகை முடிந்து லுஹர் பாங்குக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பெருநாள் பகல் சோற்றுக்குக் குர்பான் இறைச்சி சட்டியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது என்ன பெருநாள் என்பது ஊர்ப் பேச்சு. மார்க்கத்தில் நாலு நாள் அவகாசம் இருக்கிறது. பத்தாம் பிறையான பெருநாள் அன்றைக்கும், அதற்குப் பிறகு பதின்மூன்றாம் பிறை வரை மூன்று நாளும். அந்த மூன்று நாளை எங்கள் ஊர்க்காரர்கள் எங்கேயோ தொலைத்துவிட்டார்கள்.

அதனால் என்னவாயிற்று? பள்ளி வளவுச் சுவரோரம் மாடுகளை வரிசையாகக் கட்டினார்கள். வயிறு நிறைந்திருந்தால் அசிங்கம் என்று முதல் நாள் பகலிலிருந்து புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. முதல் மாட்டை அறுப்பதைக் கடைசி மாடு பார்த்துக்கொண்டே நின்றது. இரத்தம் சீமெந்துத் தரையில் ஓடி அதன் காலடிக்கு வந்தது. போன வருடம் அந்தக் கடைசி மாடு நின்ற இடத்திலேயே நடுங்கி, மூத்திரம் விட்டு, விழும்போது தரையில் மோதிக் கொம்பை முறித்துக்கொண்டது. சாலிஹ் நானா அதன் கழுத்தைத் தடவினார், தடவினார், உடம்பு தளரவே இல்லை. பின்னால் நின்று "நானா, கெதியா, கெதியா" என்றார்கள். கடைசியில் அப்படியே அறுத்தார். ஒரே இழுப்புத்தான், ஆனாலும் அன்றைக்கு அவருக்குப் பலாப்பால் கத்திதான் ஞாபகம் வந்தது.

அன்று பின்னேரம் ஜுனைதா பள்ளி மண்டபத்தில் பெண்களோடு உட்கார்ந்து இறைச்சியைச் சொப்பிங் பேக்குகளில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது அவள் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இது கடைசி மாடுதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாத் தெரியாதா? கறுத்துப் போய், கையில பிசுபிசுன்னு ஒட்டுது. ஒவ்வொரு வருஷமும் கடைசியா வர்ற மூணு நாலு மாடு இப்படித்தான். எவ்வளவு அவிச்சாலும் ரப்பர் மாதிரி. நாளைக்கு வச்சா நாறிரும்."

"அப்ப இது யாருக்குப் போகுது?"

ஜுனைதா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மிஸ்கீன்மார் பேக்குக்குத்தான். வேற யாரு வாங்குவாங்க?"

அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மிஸ்கீன்கள் என்றால் யாரோ இல்லை. இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து பள்ளி வாசலில் காலையிலிருந்து நிற்கிற பெண்கள், இதே ஊரில் கூரைத் தகடு ஓட்டையான வீடுகளில் இருக்கிறவர்கள். பயத்தில் செத்த மாட்டின் இறைச்சியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நன்மை கிடைத்ததென்று ஊரே சந்தோஷமாகப் படுக்கப் போகிறது. அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் விளங்கவில்லை.

அந்தக் கோபம் லேசில் இறங்கவில்லை. அவருடைய வேனில் வருகிற ஒரு பிள்ளையின் தாய் கால்நடை வைத்தியர், டொக்டர் சிவதர்ஷினி. ஒரு நாள் வேனை நிறுத்தி அவரிடமே கேட்டுவிட்டார். மாடு நீண்ட நேரம் பயந்து மல்லுக்கட்டினால், தசையில் இருக்கிற சத்தெல்லாம் எரிந்து தீர்ந்து போகும், அதனால்தான் இறைச்சி கறுத்து, சீக்கிரம் பழுதாகிறது என்று அவர் சொன்னார். தண்ணீர் கொடுத்து, இளைப்பாற விட்டு, மற்றதைப் பார்க்காமல் அறுத்தால் அப்படி ஆகாது என்றும் சொன்னார். சாலிஹ் நானா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். புதிதாக ஒன்றும் இல்லை, ஜும்ஆவில் கேட்டதுதான்.

இந்த வருடம் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி நிர்வாகக் கூட்டம். தலைவர் இன்ஷாப் ஹாஜியார். மாத்தளை டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷன், கை தாராளம், ஆனால் மணிக்கட்டில் கட்டியிருக்கிற மணிக்கூட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். பேசும்போதுகூட அதைத்தான் பார்ப்பார். இந்த வருடம் இருபத்து மூன்று மாடு என்று அவர் பட்டியலை வாசித்தார். அதில் ஒன்று முழுசாக அவருடையது. வில்கமுவவுக்குப் போய்த் தானே தெரிந்தெடுத்த சாம்பல் நிறக் காளை, வழக்கமாக ஏழு வீடு சேர்ந்து எடுக்கிற ஏழு பங்கும் அவர் வீட்டுக்கே. வாசித்து முடித்தபோது சாலிஹ் நானா எழுந்து நின்றார். முப்பத்திரண்டு வருடத்தில் கூட்டத்தில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ஹாஜியார், நாலு நாளைக்குப் பிரிச்சு வைப்போம். ஒரு நாளைக்கு ஆறு மாடு. தறப்பாளைத் திரையாக் கட்டி, ஒண்ணு ஒண்ணா அதுக்குப் பின்னால கொண்டு வந்து அறுப்போம். மத்த மாடுங்கள கீழ்வளவுல கட்டித் தண்ணி வைப்போம்."

மண்டபத்தில் சிரிப்பு. "நானா மாட்டுக்கு ஹொட்டல் கட்டச் சொல்றார்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. "நானா, பதின்மூணாம் பிறையில இறைச்சி வந்தா யாருக்கு வேணும்? வெளியூர்ல இருந்து வந்த பிள்ளைகள் எல்லாம் அதுக்குள்ள போயிருவாங்க. முதல் நாள்தான் சிறப்பு."

"சிறப்புத்தான், இல்லேங்கல்ல. ஆனா நாலு நாளும் கூடும்னு மௌலவிகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன். கடைசி மாடுங்க படுற பாட்டை நீங்க பார்த்ததில்ல. நீங்க கேட்டடியில பட்டியலோட நிப்பீங்க."

அங்கேதான் பிசகியது. தலைவரைப் பார்த்து, நாலு பேர் முன்னால், நீங்க பார்த்ததில்லை என்று சொல்லலாமா? ஹாஜியாரின் முகம் இறுகியது. மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அப்ப நானாவுக்கு ஏலாதுன்னா சொல்லுங்க. வெளியூர்ல இருந்து நாலு பேர் உள்ள செட் ஒண்ணு இருக்கு. ரெண்டு மணித்தியாலத்துல முடிச்சுக் குடுப்பாங்க."

"வரிசையில கட்டி அறுக்கிறதுன்னா நான் கை வைக்க மாட்டேன், ஹாஜியார்."

சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வாப்பாவின் கையிலிருந்து வந்த அறுப்பு அந்த ஒரு வசனத்தில் போய்விட்டது. வெளியூர் செட்டை வரச் சொல்லி அன்றைக்கே முடிவாயிற்று.

வீட்டில் ஜுனைதா ஒரு பாட்டம் ஏசினாள். "பேசாத மனுஷன் ஒரு நாள் பேசினா இப்படித்தான். உள்ளதும் போச்சு! இனிப் பெருநாளைக்கு என்ன செய்யப் போறீங்க, வேனக் கழுவப் போறீங்களா?" அவள் தேநீர்க் கோப்பையை டக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்து முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினாள். அவர்களுடைய பங்கு இருந்த மாட்டில் இன்னும் ஆறு வீடுகளுக்குப் பங்கு. அந்த ஆறு வீட்டுக்கும் போய், ஆம்பிளைகளிடம் பேசாமல் குசினிப் பக்கமாக நுழைந்து, பெண்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: கறுத்த இறைச்சி வேணுமா, சிவப்பு இறைச்சி வேணுமா? திரும்பி வந்து, "நம்ம மாடு பன்னிரண்டாம் பிறை. நீங்கதான் அறுக்கிறீங்க" என்றாள். அந்த ஒரு மாடாவது மிஞ்சியதே என்று சாலிஹ் நானா அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால் மாடு ஏற்ற லொறியில் வில்கமுவவுக்கு அவரும் போனார். அறுப்பு இல்லாவிட்டாலும் ஏற்றுவது இறக்குவது அவர் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. லொறிக்குள் வைக்கோல் பரப்பி, நெருக்கியடிக்காமல் நிறுத்தி, மூன்று இடத்தில் நிறுத்தித் தண்ணீர் காட்டித்தான் கொண்டு வந்தார். லொறிக்காரன் திட்டிக்கொண்டே வந்தான். ஹாஜியாரின் சாம்பல் காளையைக் கொடுத்த வயல்காரர் அதன் நெற்றியைத் தடவிவிட்டு, சிங்களத்தில் ஒரு விஷயம் சொல்லி அனுப்பினார். இந்தக் காளையைப் பின்னால் நின்று விரட்டக் கூடாது, முன்னால் நடந்தால் தானாகப் பின்னால் வரும். ஏரில் பூட்டிய காலத்திலிருந்தே அப்படித்தானாம். சாலிஹ் நானா அதை மனதில் போட்டுக்கொண்டார். வேறு யார் காதிலும் அது விழவில்லை.

பெருநாள் அன்று தொழுதுவிட்டு, எல்லாரையும் கட்டித் தழுவி ஸலாம் சொல்லிவிட்டு, நேரே வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் உட்கார்ந்தார். எழுந்தார். வேனைத் துடைத்தார், முன் கண்ணாடியை இரண்டு தடவை. பள்ளி வளவிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஜுனைதா வட்டிலாப்பம் கொண்டு வந்து வைத்தாள், அவர் கரண்டியைத் தொடவில்லை. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனுஷனுக்கு அவமானமாக இருந்தது. அழுகை வந்தது என்றே சொல்லலாம்.

பத்தே முக்காலுக்குப் பெரிய கூச்சல் கேட்டது. வெளியூர் செட் வேகமாகத்தான் வேலை செய்தது. சும்மா சொல்லக் கூடாது, இருபத்தொரு மாட்டை முடித்திருந்தார்கள். கடைசியாக நின்றது ஹாஜியாரின் காளை. தலைவரின் மாடு கடைசியில்தான் என்பது ஊர் வழக்கம், அதுதான் மரியாதையாம். இருபத்தொன்றையும் பார்த்து முடித்த காளை, ஒருவன் பின்னால் போய் வாலை முறுக்கியதும் ஒரே உதறு. கயிறு அறுந்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு, வீதியைத் தாண்டி, நோனாவின் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

நோனா என்று ஊரே கூப்பிடுவது பள்ளிக்கு எதிர் வளவில் தனியாக இருக்கிற சிங்கள அம்மாவை. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மிளகும் கொஞ்சம் கறுவாவும் வைத்திருக்கிறார். எல்லாரோடும் நல்ல மாதிரி. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் அன்றைக்கு மட்டும் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். முப்பது வருடமாக அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

சாலிஹ் நானா போய்ப் பார்க்கும்போது காளை பலா மரத்தடியில் நின்றது. அறுந்த கயிறு காலில் சுற்றியிருந்தது. வாயில் நுரை, விலா இரண்டும் அடித்துக்கொண்டது. பதினைந்து பேர் தடியும் கயிறுமாகச் சுற்றி நின்று ஆளுக்கொரு சத்தம். மிளகுக் கொடிகள் நாசம். நோனா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீதியில் சனம் கூடிவிட்டது, இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். இன்ஷாப் ஹாஜியாருக்கு வியர்த்துக் கொட்டியது. இதை யார் எப்படிப் பேஸ்புக்கில் போடுவார்களோ என்ற பயம் அவருக்கு. நாட்டில் சிறுபான்மையான எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பயம் சும்மா வருவதில்லை.

"இங்கேயே முடிச்சிருவோம். செட்காரனக் கூப்பிடுங்க" என்றார் ஹாஜியார்.

"முடியாது" என்றார் சாலிஹ் நானா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "எல்லாரும் ரோட்டுக்குப் போங்க. தடியக் கீழ போடுங்க. ஹாஜியார், நீங்க நில்லுங்க. அந்த மணிக்கூட்டக் கழட்டிப் பொக்கட்டுல போடுங்க."

என்ன நினைத்தாரோ, ஹாஜியார் கழற்றினார்.

சாலிஹ் நானா வாசற்படிக்குப் போனார். "நோனா அக்கா, மன்னிச்சுக்கோங்க. ஒரு பேசின்ல தண்ணி தருவீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். நோனா உள்ளே போய், நீல நிறப் பிளாஸ்டிக் பேசின் நிறையத் தண்ணீர் கொண்டு வந்தார். கொடுக்கும்போது, தம்பி என்பதைச் சிங்களத்தில் 'மல்லி' என்றழைத்துச் சொன்னார்:

"மல்லி, கொண்டு போறது உங்க விருப்பம். திரும்பவும் அதப் பயமுறுத்த வேண்டாம்."

பேசினை மரத்தடியில் வைத்துவிட்டு, காளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் தரையில் குந்தினார். ஒன்றரை மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது. லுஹர் பாங்கு சொன்னது. ஹாஜியார் மணிக்கட்டைப் பார்ப்பதும், அங்கே ஒன்றும் இல்லாமல் கையை இறக்குவதுமாக நின்றார். பிறகு காளை தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தது. பேசின் காலியாகும்வரை குடித்தது. நேற்றுப் பகலிலிருந்து அதற்குத் தண்ணீர் காட்டவில்லை என்பது ஹாஜியாருக்கு அப்போதுதான் விளங்கியது. "இவ்வளவு தாகமா?" என்று முணுமுணுத்தார்.

சாலிஹ் நானா மெதுவாக எழுந்து காலில் சுற்றிய கயிற்றை அவிழ்த்தார். காளை விட்டுக்கொடுத்தது. பிறகு அவர் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். காளை ஒரு தடவை மூச்சை விட்டுவிட்டு, பின்னால் வந்தது. வீதியில் நின்ற சனம் வாயைப் பிளந்துகொண்டு வழி விட்டது. பள்ளி கேட்டடியில் அவர் நிற்கவில்லை. தன் வீட்டு வேன் கொட்டிலுக்கே கொண்டு போய்க் கட்டினார்.

"நானா, அறுப்பு?" என்று பின்னாலேயே வந்த ஹாஜியார் கேட்டார்.

"இன்னைக்கு இல்ல, நாளைக்கும் இல்ல. பதின்மூணாம் பிறை அஸருக்கு முன்னால. அதுக்குள்ள இது எல்லாத்தையும் மறக்கணும். ஒரு விஷயம், அன்னைக்கு நீங்க கேட்டடியில நிக்கக் கூடாது. குர்பான் குடுக்கிறவர் பக்கத்துல நிக்கணும்."

ஹாஜியார் வாதாடவில்லை. அந்தத் தண்ணீர் குடித்த சத்தம் அவர் காதில் இருந்திருக்க வேண்டும்.

மூன்று நாள் காளை கொட்டிலில் நின்றது. ஜுனைதா காலையும் மாலையும் பலா இலை போட்டாள். "வீட்டுக்கு வந்த விருந்தாளி" என்று கேலி செய்துகொண்டே போட்டாள். பன்னிரண்டாம் பிறையில் அவர்களுடைய மாடு, தறப்பாளுக்குப் பின்னால், மணல் பரப்பிய தரையில், ஒரே இழுப்பில் முடிந்தது. ஆறு வீட்டுப் பெண்களும் இறைச்சியைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னார்கள். அந்தச் செய்தி குசினி குசினியாகப் போனது.

பதின்மூன்றாம் பிறை, பின்னேரம் இரண்டரை மணி. நாலே பேர். சாலிஹ் நானா முன்னால் நடக்க, காளை தானாகவே தறப்பாளுக்குப் பின்னால் வந்தது. அவர் ஹாஜியாரின் கையைப் பிடித்து அதன் கழுத்தில் வைத்தார். "தடவுங்க" என்றார். ஹாஜியார் தடவினார். முதலில் விரல் நுனியால், பிறகு உள்ளங்கையால். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. காளை பெருமூச்சு விட்டது, தோல் தளர்ந்தது. பதமாக, மக்கா இருக்கிற கிபிலாப் பக்கம் சாய்த்தார்கள். துவாய் விலகியது தெரியவில்லை, கத்தியும் தெரியவில்லை. பிஸ்மில்லாஹ் கேட்டது, முடிந்துவிட்டது.

ஹாஜியார் மணலில் முழங்கால் போட்டபடியே இருந்தார். கை இன்னும் காளையின் மேல்தான். "மத்த இருபத்தொண்ணும், நானா?" என்று கேட்டார்.

முப்பத்திரண்டு வருடம் சாலிஹ் நானாவும் அறுத்தவர்தான். குனிந்து கத்தியைத் துடைத்தார். "நாமதான் செஞ்சோம், ஹாஜியார். நானும்தான்" என்றார். ஹாஜியார் அழுதார். அவரும் அழுதார், மறைக்கவில்லை.

அந்த மாட்டின் இறைச்சியில் ஒரு துண்டுகூட ஹாஜியார் வீட்டுக்குப் போகவில்லை. ஏழு பங்கும் மிஸ்கீன்மார் பேக்குக்கே போடச் சொல்லிவிட்டார். ஜுனைதா பேக் பேக்காகக் கட்டினாள், நல்ல சிவப்பு. அடுத்த வருடத்துக்கு நாலு நாள், நாளுக்கு ஆறு மாடு, அறுப்பு சாலிஹ் நானா என்று பள்ளிப் பலகையில் ஹாஜியாரே தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினார். அதற்கும் முணுமுணுப்பவர்கள் இருந்தார்கள். இன்னும் இருக்கிறார்கள்.

பொழுது சாயும் நேரம் சாலிஹ் நானா நீலப் பேசினை நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டு நோனா வீட்டுக்குப் போனார். வேலியை அவரும் ஹாஜியாரும் ஏற்கெனவே கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல்கள் திறந்திருந்தன. நோனா பேசினை வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மல்லி, அது பயந்துச்சா?"

முப்பது வருடமாகச் சாத்திய ஜன்னலுக்குள் இருந்தது இந்தக் கேள்விதான் என்று சாலிஹ் நானாவுக்கு அப்போது விளங்கியது. போன வருடம் கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார்.

"இல்ல, அக்கா" என்றார். "பயப்படல்ல."

நோனா பேசினை அவர் பக்கமே தள்ளினார்.

"அப்ப இத நீங்களே வச்சுக்கோங்க. அடுத்த வருஷம் இருபத்து மூணு மாட்டுக்கும் தண்ணி வைக்கணுமே. என்கிட்ட இன்னும் ரெண்டு பேசின் இருக்கு, நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.